கண்ணாடி விரியனுக்குப் பெயர் தந்த டாக்டர் ரஸ்ஸல்

மைசூரைச் சுற்றி ஸ்ரீரங்கப்பட்டணம், மண்டியா, தி. நரசிபுரம் பக்கங்களில் கால்வாய்ப் பாசனம் உண்டு. நெல்லும் கரும்பும் செழிப்பாக விளையும் இடத்தில் எலி இருக்கும். எலி இருக்கும் இடத்தில் கண்ணாடி விரியனும் இருக்கும். கன்னடக்காரர்கள் அதைக் கொளகு மண்டல என்பார்கள். தடித்த உடம்பு, முதுகில் சங்கிலி கோத்தாற்போல் மூன்று வரிசை வட்டப் புள்ளிகள், மிதிக்கப் போனால் பிரஷர் குக்கர் போல ஒரு சீறல். வயல் வேலைக்குப் போகும் நம்மவர்களுக்கு இதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை.

ஆனால் ஆஸ்பத்திரிச் சீட்டில் டாக்டர் இந்தப் பாம்பின் பெயரை எழுதும்போது தமிழிலும் எழுதுவதில்லை, கன்னடத்திலும் எழுதுவதில்லை. ரஸ்ஸல்ஸ் வைப்பர் என்றுதான் எழுதுகிறார். அதாவது ரஸ்ஸல் என்பவருடைய விரியன். யார் இந்த ரஸ்ஸல்? பாம்புக்குத் தன் பெயரைக் கொடுக்கும் அளவுக்கு இவர் செய்தது என்ன?

பாட்ரிக் ரஸ்ஸல் 1727ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் பிறந்தார். தகப்பனார் வக்கீல். பெரிய குடும்பம். எடின்பரோ சர்வகலாசாலையில் வைத்தியம் படித்து முடித்ததும் அவர் ஊரில் தங்கவில்லை. தகப்பனாரின் வேறொரு தாரத்து மகனான அண்ணன் அலெக்சாண்டர், சிரியா நாட்டின் அலெப்போ நகரில் ஆங்கில வியாபாரிகளுக்கு வைத்தியராக இருந்தார். 1750இல் தம்பியும் அங்கே போய்ச் சேர்ந்தார். சில வருஷங்களில் அண்ணன் ஊர் திரும்பிவிட, அந்த உத்தியோகம் தம்பிக்கு வந்தது. பிழைப்புக்காக ஊர் விட்டு ஊர் போவதும், முன்னால் போன அண்ணன் தம்பிக்கு வழி காட்டுவதும் எந்தத் தேசத்திலும் உள்ளதுதான் போலிருக்கிறது.

அலெப்போவில் ரஸ்ஸல் இருபது வருஷத்துக்கு மேல் இருந்தார். 1760 முதல் 1762 வரை அங்கே பிளேக் பரவி ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள். ரஸ்ஸல் ஓடிப்போகவில்லை. நோயாளிகளைப் பற்றிக் குறிப்பு எடுத்துக்கொண்டே இருந்தார். அந்தக் குறிப்புகள்தாம் பிற்பாடு 1791இல் பிளேக் நோயைப் பற்றிய பெரிய புத்தகமாக வெளிவந்தன.

அவருடைய குணத்தைக் காட்டும் இன்னொரு சம்பவமும் உண்டு. அராபிய நாடோடி மக்கள் அம்மை வராமல் தடுக்க ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். அம்மை போட்ட குழந்தையிடம் மற்றொரு குழந்தையை அழைத்துப் போவார்கள். கொஞ்சம் திராட்சையோ இனிப்போ கொடுத்து அம்மையை 'விலைக்கு வாங்கி', கொப்புளத்தின் சீழைத் தோலில் குத்திக்கொள்வார்கள். படித்த டாக்டர்கள் சிரித்துத் தள்ளியிருக்கக்கூடிய விஷயம் இது. ரஸ்ஸல் சிரிக்கவில்லை. பல பேரிடம் விசாரித்து, விவரமாக அண்ணனுக்குக் கடிதம் எழுதினார். 1768இல் அது லண்டன் ராயல் சொசைட்டியின் ஏட்டில் அச்சாயிற்று. உள்ளூர் ஜனங்கள் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்பது, கேட்டதைச் சோதித்துப் பார்ப்பது, பிறகு எழுதுவது: இந்த மூன்றும் அவருக்குக் கடைசி வரை கைவந்த பழக்கம்.

1772 வாக்கில் லண்டன் திரும்பினார். அதற்கு ஒரு வருஷம் முன்புதான் அதே லண்டனில் வில்லியம் ஹ்யூசன் என்ற வைத்தியர் இரத்தத்தைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டிருந்தார். காயம் பட்டால் இரத்தம் ஏன் உறைகிறது? குளிர்ச்சியால் என்று சிலர் சொன்னார்கள். ஓட்டம் நின்றதால் என்று வேறு சிலர் சொன்னார்கள். சிவப்பு அணுக்களால் அல்ல, அவற்றைச் சுமந்து ஓடும் நீர்ப் பகுதியிலேயே உறையும் சரக்கு ஒன்று கரைந்திருக்கிறது என்று ஹ்யூசன் நிரூபித்தார். பாவம், மூன்று வருஷத்தில், முப்பத்தைந்து வயதுகூட நிறையாமல், பிணத்தை அறுத்துச் சோதிக்கும்போது பட்ட காயம் சீழ்பிடித்து இறந்துபோனார். இந்த ஹ்யூசனின் கண்டுபிடிப்பும் ரஸ்ஸல் பிற்காலத்தில் பிடித்த பாம்பும் ஒரே கதையின் இரண்டு முனைகள். ஆனால் அவை ஒன்று சேர நூற்றறுபது வருஷம் பிடித்தது.

ரஸ்ஸல் 1777இல் ராயல் சொசைட்டி அங்கத்தினர் ஆனார். ஐம்பது வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. லண்டனில் வைத்தியத் தொழில் செய்துகொண்டு நிம்மதியாக இருந்திருக்கலாம். ஆனால் 1781இல் தம்பி கிளாடுக்கு கிழக்கிந்தியக் கம்பெனியில் விசாகப்பட்டினத்து உத்தியோகம் வந்தது. தம்பிக்கு உடம்பு சரியில்லை, கூட ஒரு வைத்தியர் தேவை. அண்ணனே கிளம்பிவிட்டார். அந்த நாளில் கப்பல் ஏறினால் இந்தியா வந்து சேர மாதக் கணக்கில் ஆகும். ஐம்பத்து நான்கு வயதில் தம்பிக்காக அதைச் செய்தவர் ரஸ்ஸல்.

அப்போது மைசூரில் ஹைதர் அலி ஆட்சி. கம்பெனிக்கும் ஹைதருக்கும் கர்நாடகப் பிரதேசத்தில் யுத்தம் நடந்துகொண்டிருந்த நேரம். 1782இல் ஹைதர் மறைந்து திப்பு பட்டத்துக்கு வந்தார். யுத்தத்தின் கவனம் எல்லாருக்கும் இருக்க, ரஸ்ஸல் விசாகப்பட்டினத்தில் மீனையும் செடியையும் பாம்பையும் பார்த்துக்கொண்டிருந்தார். 1785இல் தரங்கம்பாடிப் பாதிரிமார்களோடு தொடர்புள்ள கோனிக் என்ற தாவர நிபுணர் இறந்தார். அவர் வகித்துவந்த கம்பெனியின் தாவர ஆராய்ச்சியாளர் பதவி ரஸ்ஸலுக்குக் கிடைத்தது.

வேலை தாவரம் என்றாலும் அவருக்கு மனம் போனது பாம்பின் பக்கம். காரணம் இருந்தது. கம்பெனிச் சிப்பாய்களும் குடியானவர்களும் பாம்புக் கடியால் இறந்தபடி இருந்தார்கள். எது விஷப் பாம்பு, எது சாதுவான பாம்பு என்று யாருக்கும் நிச்சயமாகத் தெரியவில்லை. சாரைப் பாம்பு கடித்தவன் பயத்தினாலேயே பாதி உயிர் விடுவான். மந்திரவாதி வந்து வேப்பிலை அடித்ததும் பிழைத்துக்கொள்வான். மந்திரத்துக்குப் பேர் வரும். மறுநாள் விரியன் கடித்தவனுக்கும் அதே வேப்பிலை. அவன் சாவான். அதற்கு விதி என்று பேர். இன்றைக்கும் இந்தக் கணக்கு மாறிவிட்டதாகச் சொல்ல முடியாது.

ரஸ்ஸல் பாம்புகளைத் தருவித்தார். உயிரோடும் வந்தன, செத்தும் வந்தன. வாயைத் திறந்து பல்லைப் பார்த்தார். படம் எழுதச் செய்தார். தெலுங்கு ஜனங்கள் சொன்ன பெயரையே பக்கத்தில் எழுதிக்கொண்டார். நாய்களையும் கோழிகளையும் கடிக்க விட்டு, எத்தனை நேரத்தில் என்ன ஆகிறது என்று குறித்தார். கேட்க மனம் கூசுகிறதுதான். வேறு வழி அன்றைக்கு இல்லை. தஞ்சாவூர் மாத்திரை என்று பாம்புக் கடிக்கு ஒரு மருந்து அப்போது பிரசித்தம். அதில் பாஷாணம் கலந்திருந்தது. அதையும் பரீட்சை செய்து பார்த்தார்.

அப்படி அவர் கைக்கு வந்த பாம்புகளில் ஒன்றுக்கு விசாகப்பட்டினத்துக்காரர்கள் காட்டுக ரேகுல பொட என்று பெயர் சொன்னார்கள். காட்டுக என்றால் கண்மை. மை தீட்டிய இதழ் போன்ற புள்ளிகள் உடையது என்று கொள்ளலாம். நல்ல பாம்புக்கு அடுத்தபடி கொடியது இதுதான் என்று ரஸ்ஸல் கருதினார். அந்தப் பாம்புதான் நம்முடைய கண்ணாடி விரியன்.

1789இல் அவர் இந்தியாவை விட்டுக் கிளம்பினார். அவர் இடத்துக்கு வந்தவர் தாவர சாஸ்திரத்தில் பெரும் பேர் எடுத்த ராக்ஸ்பரோ. 1796இல் ரஸ்ஸலின் பாம்பு நூலின் முதல் தொகுதி வெளிவந்தது. சோழமண்டலக் கரையில் சேகரித்த பாம்புகள் என்பது அதன் பொருள். வர்ணப் படங்களோடு கூடிய பெரிய புத்தகம். அடுத்த வருஷமே ஜார்ஜ் ஷா என்ற இயற்கை நூலார் தம் சகாவோடு சேர்ந்து இந்த விரியனுக்கு ரஸ்ஸலின் பெயரை வைத்தார். விசாகப்பட்டினத்து மீன்கள் இருநூறைப் பற்றிய நூல் 1803இல் வந்தது. 1804இல், எழுபத்தேழு வயதிலும், நல்ல பாம்பு எப்படிப் படம் விரிக்கிறது என்று ராயல் சொசைட்டிக்குக் கட்டுரை எழுதினார். 1805 ஜூலை 2ஆம் தேதி லண்டனில் காலமானார். பாம்பு நூலின் இரண்டாம் தொகுதி அப்போது முழுமை பெறவில்லை. கடைசிப் பகுதிகள் அவர் இறந்த பின்பே அச்சேறின.

கடி பட்ட பிராணி எத்தனை நேரத்தில் விழுந்தது என்று ரஸ்ஸலால் எழுத முடிந்தது. ஏன் விழுந்தது என்று அவரால் எழுத முடியவில்லை. அந்தக் காலத்தில் யாராலும் முடிந்திருக்காது. அதைச் சொல்ல வேண்டுமானால் முதலில் நம் உடம்பில் இரத்தம் எப்படி நிற்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

கத்தியால் விரலை வெட்டிக்கொள்கிறோம். முதலில் வெட்டுப்பட்ட குழாய் தானாகவே சுருங்குகிறது. அடுத்து தட்டணுக்கள் வருகின்றன. டெங்கு சீஸனில் பிளேட்லெட் குறைந்துவிட்டது என்று பயப்படுகிறோமே, அவைதாம். எலும்பு மஜ்ஜையில் இருக்கும் பெரிய அணுக்களிலிருந்து உதிரும் துணுக்குகள் இவை. ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் சுமார் ஒன்றரை லட்சம் முதல் நாலரை லட்சம் வரை இருக்கும். ஆயுள் பத்து நாள். குழாயின் உட்சுவர் ஒழுங்காக இருக்கும் வரை அதன் மீது ஒட்டாமல் வழுக்கிக்கொண்டே ஓடும். சுவர் கிழிந்து உள்நார் வெளியே தெரிந்ததோ, அங்கே போய் ஒட்டிக்கொள்ளும். ஒட்டியவை வடிவம் மாறி, சில ரசாயனங்களைக் கக்கி மற்றவற்றையும் கூப்பிடும். ஏரிக்கரை உடைந்தால் ஊரார் ஓடிப்போய் மண் மூட்டையை அடுக்குவது போல. இருதய நோய்க்காரர்கள் தினம் சாப்பிடும் சின்ன ஆஸ்பிரின் மாத்திரை இந்தக் கூப்பாட்டைத்தான் அடக்குகிறது. அதனால்தான் அவர்களுக்குப் பல் பிடுங்குமுன் டாக்டர் கேள்வி கேட்கிறார்.

தட்டணுக்களை 1882 வாக்கில் ஓடும் இரத்தத்திலேயே பார்த்து, காயத்தை முதலில் அடைப்பவை இவையே என்று காட்டியவர் இத்தாலியின் டூரின் நகரத்து பிஸ்ஸோஸெரோ.

மண் மூட்டை மட்டும் போதாது, தண்ணீர் தள்ளிக்கொண்டு போய்விடும். மேலே வலை வேண்டும். அந்த வலையின் நூல்தான் ஹ்யூசன் கண்ட சரக்கு. பைபிரினோஜன் என்று பெயர். ஈரல் அதைச் செய்து இரத்தத்தில் கரைத்து அனுப்புகிறது. கரைந்திருக்கும் வரை அதனால் தொந்தரவு இல்லை. திராம்பின் என்ற ஒன்று பட்டதும் அது பைபிரின் நூலாகத் திரிந்து பின்னிக்கொள்கிறது. சரி, திராம்பின் எங்கிருந்து வருகிறது? அதுவும் தூங்கிக்கொண்டிருக்கும் சரக்குதான். பத்தாம் நம்பர் காரணி அதை எழுப்ப வேண்டும். பத்தை எழுப்ப எட்டும் ஒன்பதும் சேர வேண்டும். இப்படி ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்குப் போகும் வேலை. ஒவ்வொரு கையிலும் வேகம் பெருகும். சில நிமிஷத்தில் வலை தயார். காயம் ஆறியதும் அந்த வலையைக் கரைக்கவும் உடம்பில் வேறு ஆள் உண்டு.

இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி பிறப்பிலேயே இல்லாதவர்கள் இருக்கிறார்கள். எட்டாம் காரணியோ ஒன்பதாம் காரணியோ குறைந்தால் அது ஹீமோபிலியா நோய். பெரும்பாலும் ஆண் பிள்ளைகளுக்கு வரும், தாய் வழியாக இறங்கும். இங்கிலாந்து ராணி விக்டோரியாவின் கடைசி மகன் இதனாலேயே 1884இல் முப்பது வயதில் இறந்தார். அரண்மனை வைத்தியத்தாலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஒரு பல் விழுந்தாலும் உயிருக்கு ஆபத்து என்ற நிலை.

லண்டன் பார்த்தலோமியு ஆஸ்பத்திரியில் மக்பார்லேன் என்ற இளம் டாக்டர் இப்படிப்பட்ட நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். சில பாம்பு விஷம் இரத்தத்தை உறைய வைக்கும் என்பது 1781லேயே போன்டானா என்ற இத்தாலியர் எழுதிவைத்த விஷயம். இரத்தக் குழாய்க்குள் விரியன் விஷத்தைச் செலுத்தினால் உள்ளேயே கட்டி தட்டுவதை அவர் பார்த்திருந்தார். மக்பார்லேன், லண்டன் மிருகக்காட்சிசாலையின் பாம்புப் பிரிவு அதிகாரி பார்னெட் துணையோடு, பல ஜாதிப் பாம்புகளின் விஷத்தை ஹீமோபிலியா இரத்தத்தில் கலந்து பார்த்தார். எல்லாவற்றிலும் சிறந்து நின்றது ரஸ்ஸலின் விரியன். பதினாயிரத்தில் ஒரு பங்காகக் கரைத்த விஷம், உறையவே உறையாத இரத்தத்தைச் சில விநாடிகளில் உறைய வைத்தது. 1934இல் இருவரும் அதை வெளியிட்டார்கள். பல் பிடுங்கிய இடத்தில் அந்தக் கரைசலை நனைத்த பஞ்சை வைத்தால் இரத்தம் நின்றது. ஸ்டிப்வென் என்ற பெயரில் மருந்துக் கடையிலும் விற்றது.

விஷம் எப்படி இதைச் செய்தது? நோயாளியிடம் இல்லாதது எட்டாம் காரணி. விஷமோ எட்டையும் ஒன்பதையும் கேட்கவில்லை. நடுவில் புகுந்து நேரே பத்தாம் காரணியையே தட்டி எழுப்பிவிட்டது. டிக்கெட் கவுண்டர் பக்கமே போகாமல் வேலி தாண்டிப் பிளாட்பாரத்துக்கு வந்த ஆசாமி மாதிரி. அந்த ஆசாமி எந்த இடத்தில் வேலி தாண்டினான் என்று தேடித்தான், சங்கிலியில் எந்தக் கண்ணி எங்கே இருக்கிறது என்பதும் ஓரளவு புரிந்தது. 1964இல் இதே மக்பார்லேன் உறைதல் என்பது படிப்படியாகப் பெருகும் அருவி போன்ற சங்கிலி என்று முழுத் திட்டமாக வரைந்து காட்டினார். அமெரிக்காவில் இரண்டு பேர் அதே வருஷம் தனியே அதையே சொன்னார்கள்.

இப்போது வயலுக்குத் திரும்புவோம். இரத்தத்தை உறைய வைக்கும் விஷம் என்றால் கடிபட்டவனுக்கு ஏன் இரத்தம் கொட்டுகிறது? பல் ஈறில் கசிகிறது, சிறுநீர் சிவக்கிறது, ஊசி குத்திய இடம் நிற்பதில்லை. சரக்கு தீர்ந்துபோகிறது, அதுதான் காரணம். பஞ்சில் ஒரு சொட்டு வைப்பது வேறு, உடம்பு முழுவதும் விஷம் ஓடுவது வேறு. காயமே இல்லாத இடத்திலெல்லாம் விஷம் பத்தையும் ஐந்தையும் எழுப்பிவிட, கையிருப்பு பைபிரினோஜன் முழுவதும் வீணாகச் செலவாகிவிடுகிறது. நிஜமாகக் காயம் இருக்கும் இடத்தில் நெய்ய நூல் இல்லை. தட்டணுக்களும் கெடுகின்றன. சிறுநீரகமும் பழுதாகலாம்.

அதனால்தான் கடிவாயைப் பிளேடால் கீறுவது மகா பாதகம். உறையாத இரத்தம் உள்ளவனுக்குப் புதிதாக ஒரு காயம் செய்து கொடுப்பது அது. இறுக்கக் கயிறு கட்டினால் கால் அழுகும். வாயால் உறிஞ்சினால் விஷம் வராது. எலும்பு முறிந்தவனை வைத்துக்கொள்வது போல் காலை அசைக்காமல் வைத்து, ஓடவோ நடக்கவோ விடாமல், அருகில் உள்ள சர்க்கார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

அங்கே டாக்டர் செய்யும் முதல் பரிசோதனைக்கு மிஷின் எதுவும் வேண்டாம். சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் இரண்டு மில்லி இரத்தம். இருபது நிமிஷம் அசையாமல் வைக்க வேண்டும். பிறகு சாய்த்துப் பார்க்க வேண்டும். கட்டியாக நின்றால் நல்லது. தண்ணீர் போல ஓடினால் விஷம் வேலை செய்கிறது. குழாய் பிளாஸ்டிக்காக இருக்கக் கூடாது. கண்ணாடி பட்டால்தான் உறைதல் ஒழுங்காகத் துவங்கும். ஓடினால் விஷமுறிவு மருந்தை எட்டு பத்துக் குப்பி நரம்பில் ஏற்றுகிறார்கள். ஏற்றியதும் இரத்தம் உடனே உறையாது. விஷம் அடங்கினாலும் தீர்ந்த சரக்கை ஈரல் புதிதாகச் செய்து தர வேண்டும். அதற்காகத்தான் ஆறு மணி நேரம் கழித்து மறுபடி குழாயில் இரத்தம் எடுக்கிறார்கள். கூட வந்தவர்கள் மருந்து பலிக்கவில்லை என்று பதறி நோயாளியை வேறிடத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவது இந்த ஆறு மணி நேரத்தில்தான்.

இந்த மருந்து குதிரைகளின் உடலில் சிறிது சிறிதாக விஷம் ஏற்றி எடுக்கப்படுவது. நாட்டில் இதற்குத் தேவைப்படும் விஷத்தில் பெரும் பகுதியை அளித்து வந்திருப்பவர்கள் சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் 1978இல் தொடங்கிய இருளர் பாம்புப் பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தார். இதில் மைசூருக்கும் ஒரு பங்கு உண்டு. மானசகங்கோத்ரியில் மைசூர் பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியல் துறையார் கண்ணாடி விரியன் விஷத்தைப் பல வருஷம் ஆராய்ந்தவர்கள். பாம்பு ஒன்றே என்றாலும் நாட்டின் ஒரு பகுதி விரியனின் விஷமும் வேறு பகுதி விரியனின் விஷமும் சேர்க்கையிலும் கொல்லும் சக்தியிலும் வேறுபடுகின்றன என்று 1988இல் அங்கிருந்து அறிக்கை வெளிவந்தது. ஓரிடத்து விஷத்தில் செய்த மருந்து எல்லா இடத்துக்கும் ஒரே அளவு பலிக்குமா என்ற கேள்வி அதிலிருந்து எழுகிறது.

இந்தியாவில் 2000 முதல் 2019 வரை இருபது ஆண்டுகளில் பாம்புக் கடியால் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் என்று ஓர் ஆய்வு கணக்கிட்டது. பெரும்பாலோர் கிராமத்தார். கர்நாடக அரசு 2024 பிப்ரவரியில் பாம்புக் கடியைக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயாக்கியது. நாட்டில் இதை முதலில் செய்த மாநிலம் இதுவே. அதே வருஷம் நவம்பரில் தமிழ்நாடும் செய்தது. ஆகவே தனியார் ஆஸ்பத்திரியும் இனி கணக்குக் கொடுத்தாக வேண்டும்.

ரஸ்ஸலின் பெயர் பாம்புக் கடிச் சீட்டில் மட்டும் இல்லை. அடிக்கடி கர்ப்பம் கலைந்துபோகும் பெண்களில் சிலருக்கு இரத்தம் தேவைக்கு மேல் உறையும் கோளாறு இருக்கும். அதைக் கண்டுபிடிக்கப் பெரிய லாபரட்டரிகளில் ஒரு சோதனை செய்கிறார்கள். நோயாளியின் இரத்த நீரில் இந்த விரியனின் விஷத்தை வெகுவாகக் கரைத்துச் சில சொட்டு விட்டு, உறைய எத்தனை விநாடி ஆகிறது என்று பார்ப்பார்கள். ரிப்போர்ட்டில் சோதனையின் பெயர் நீளமாக இருக்கும். நடுவில் ரஸ்ஸல் என்று ஒரு வார்த்தை வரும்.